பரிணாமத்தைப் பத்தாம் வகுப்புக்குத் திருப்பிக் கொடுங்கள்: என்.சி.இ.ஆர்.டி.க்கு ஒரு திறந்த மடல்

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் (என்.சி.இ.ஆர்.டி.) இயக்குநர் அவர்களுக்கும் அறிவியல் பாடநூல் குழுவினருக்கும்,

2023இல் அச்சாகி வந்த உங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் ‘மரபுவழி’ என்று மட்டும் நிற்கிறது. பழைய நூலின் 9.3 முதல் 9.6 வரையிலான பகுதிகள் மொத்தமாகப் போய்விட்டன. இயற்கைத் தேர்வு, புதிய சிற்றினம் உருவாகும் விதம், உறுப்புகளின் ஒப்புமை, புதைபடிவங்கள், மனிதப் பரிணாமம், டார்வின் பற்றிய பெட்டிச் செய்தி எதுவும் இன்று அதில் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். பாடம் திரும்பவில்லை.

போனது அது மட்டுமல்ல. பத்தாம் வகுப்பில் தனிமங்களின் வகைப்பாடு, ஆற்றல் மூலங்கள், இயற்கை வளப் பாதுகாப்பு ஆகிய மூன்று முழுப் பாடங்கள் நீங்கி, 16 பாடங்கள் 13 ஆயின. ஒன்பதாம் வகுப்பில் உயிரினப் பன்மை, ‘நாம் ஏன் நோயுறுகிறோம்’, இயற்கை வளங்கள் ஆகிய மூன்றும் போய், 15 பாடங்கள் 12 ஆயின. கொரோனா காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைத்தோம் என்றீர்கள். டெல்டா, ஒமைக்ரான் என்று வைரஸ் திரிபுகளைப் பெயர் சொல்லிப் பேசப் பழகிய பிள்ளைகளிடமிருந்து, ஒரு திரிபு எப்படித் தோன்றி மற்றதை முந்துகிறது என்று விளக்கும் பாடத்தை எடுத்திருக்கிறீர்கள். பெருந்தொற்றைக் காரணம் காட்டி, தொற்றுநோயைப் பற்றிய பாடத்தையே நீக்கியது எந்தக் கணக்கில் சேரும்?

உங்கள் நூலின் முகப்பிலேயே நீக்கத்துக்கான பொதுக் காரணங்கள் அச்சாகியிருக்கின்றன. அதே வகுப்பில் வேறு பாடத்தில் வருவது, கீழ் அல்லது மேல் வகுப்பில் வருவது, கடினமானது, மாணவர் தாமாகவே படித்துக்கொள்ளக் கூடியது, இன்றைய சூழலுக்குப் பொருந்தாதது. பரிணாமம் இவற்றில் எந்தக் கணக்கில் போனது? நீங்கள் வெளியிட்ட நீக்கப் பட்டியலில் பாடத்தின் பெயரும் பக்க எண்ணும் இருக்கின்றன. எந்தப் பாடம் எந்தக் காரணத்தால் போனது என்பது இல்லை. ஒரு பகுதி கடினமானதாகவும், அதே சமயம் ஆசிரியர் துணையின்றிப் படித்துக்கொள்ளத்தக்கதாகவும் இருக்க முடியாது. எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

‘பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே’ என்பது அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில். இருக்கிறதுதான். ஆனால் அறிவியலை எல்லோரும் ஒன்றாகப் படிக்கும் கடைசி வகுப்பு பத்து. அதன்பின் வணிகவியல், கலைப்பிரிவு, தொழிற்கல்வி என்று போகிறவர்களுக்கும், இயற்பியலும் கணிதமும் எடுத்து உயிரியலை விடுகிறவர்களுக்கும் அந்தப் பாடம் வாழ்நாளில் வரப்போவதில்லை. பள்ளியை விட்டே போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உயிரியல் எடுப்பவருக்கும் இதனால் நன்மை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில், ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைதோறும் மாறுகிறதா என்று பார்க்க உதவும் ஹார்டி-வைன்பெர்க் சமன்பாடு வருகிறது. இயற்கைத் தேர்வு என்ற கருத்தையே கேள்விப்படாத மாணவர் முன்னால் p² + 2pq + q² = 1 என்று எழுதிப் போட்டால் அதைக் கணக்காகப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார். எதை அளக்கிறோம் என்பது மட்டும் புரியாது.

வகுப்பறையில் என்ன உடைந்திருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரபியலின் முன்னோடியான மெண்டலின் பட்டாணிச் செடிச் சோதனை இன்னும் நூலில் இருக்கிறது. நெட்டைக்கும் குட்டைக்கும் பிறந்தவை எல்லாம் நெட்டை. அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று. மெண்டல் எண்ணிய கணக்கில் 787 நெட்டை, 277 குட்டை. நல்ல பாடம். ஆனால் அது பண்பு எப்படிக் கைமாறுகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. வேறுபாடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற கேள்விக்குப் பழைய நூலில் அடுத்த பக்கமே பதில் சொன்னது. புதரில் வாழும் சிவப்பு வண்டுகள், அவற்றைத் தின்னும் காகங்கள், இலையோடு இலையாக மறைந்து தப்பும் பச்சை வண்டு. அதற்கடுத்து, யானை மிதித்ததில் பெரும்பாலான சிவப்பு வண்டுகள் மடிந்து, தற்செயலாக நீல வண்டுகள் மிஞ்சும் கதை. மூன்றாவதாக, செடிகளில் நோய் விழுந்து, உணவின்றி மெலிந்த வண்டுகள். செடி தழைத்ததும் குஞ்சுகள் பழைய எடைக்கே திரும்பிவிடும். மூன்று கதைகளில் மூன்று வேறு செய்திகள். முதலாவதில் இயற்கைத் தேர்வு, இரண்டாவதில் தற்செயல், மூன்றாவதில் மரபில் இறங்காத மாற்றம். பள்ளிப் பாடநூலில் இவ்வளவு சிக்கனமாக எழுதப்பட்ட பக்கங்கள் அதிகம் இல்லை. அதைத் தூக்கி எறிய மனம் வந்தது எப்படி என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தப் பகுதி கடினமானது என்று யாராவது சொன்னால், அவர் அதை வகுப்பில் நடத்திப் பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டும். 45 நிமிட வகுப்பு ஒன்று போதும். பூவேலைப்பாடு உள்ள பச்சைத் துணி, துளையிடும் கருவியால் வெட்டிய காகித வட்டுகள் பச்சையில் 50, பழுப்பில் 50. நான்கு மாணவர் காகங்கள். முதுகைக் காட்டி நின்று, திரும்பி, கண்ணில் முதலில் பட்ட ஒன்றை மட்டும் எடுத்து, மறுபடி முதுகைக் காட்ட வேண்டும். 60 வட்டுகள் போனதும் நிறுத்தி, மிச்சமுள்ள 40இல் எது எத்தனை என்று எண்ணி, அதே விகிதத்தில் 100 ஆக்கி மறுபடி துணியில் தூவ வேண்டும். மூன்று நான்கு சுற்றுக்குள் பழுப்பு குறைந்துகொண்டே போவதைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். பிறகு பத்தே வட்டுகளை எடுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறை நீக்கச் சொன்னால், ஒரு நிறம் எந்தக் காரணமும் இல்லாமல் சில சுற்றுகளிலேயே ஒழிந்துபோகும். யானை மிதித்த கதை அதுதான்.

தவறும் இடங்களும் தெரிந்தவைதான். வேலைப்பாடில்லாத துணியாக இருந்தால் எல்லா வட்டும் நிழல் விழுந்து கண்ணில் படும், இயற்கைத் தேர்வே நடக்காது. மாணவர்கள் கைநிறைய அள்ளினாலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ‘மறைந்துகொள்வதற்காக வண்டு பச்சையாக மாறியது’ என்று யாராவது ஒரு மாணவர் கட்டாயம் சொல்வார். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எந்த வட்டும் நிறம் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது என்பதை அவரே துணியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எலியின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டினால் வாலில்லாத எலி பிறக்குமா என்று பழைய நூல் கேட்ட கேள்வி இதே முடிச்சைத்தான் அவிழ்த்தது. தேவைக்காக உடல் மாறும், அந்த மாற்றம் பிள்ளைக்கும் இறங்கும் என்ற எண்ணம் தானாகப் போகாது. யாராவது எதிர்ப்பட்டுக் கேட்டால்தான் போகும். அதைக் கேட்பதற்கென்று இருந்த பக்கங்களைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

‘இன்றைய சூழலுக்குப் பொருந்தாதது’ என்ற காரணத்துக்கு வருவோம். பருத்தி வயலுக்குப் போய்ப் பாருங்கள். 2002இல், காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 450 கிராம் பி.டி. விதையோடு, 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனிப் பொட்டலமாக வந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு அதை விதைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. காரணம் இதுதான். பி.டி. செடியின் நச்சுப் புரதத்தைத் தாங்கிப் பிழைக்கும் புழு ஆயிரத்தில், லட்சத்தில் ஒன்று இருக்கும். சாதாரணச் செடியில் வளர்ந்த எண்ணற்ற அந்துப்பூச்சிகளோடு அது கூடினால், பிறக்கும் புழுவுக்கு எதிர்ப்பு மரபணுவின் ஒரு பிரதிதான் கிடைக்கும். அந்த எதிர்ப்பு, இரு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பாக இருக்கும்வரை அது பி.டி. செடியைத் தின்று செத்துவிடும். சாதாரணச் செடியே இல்லாத வயலில், பிழைத்த புழுக்கள் ஒன்றோடொன்றுதான் கூடும்.

பெரும்பாலான உழவர்கள் அந்தச் சிறு பொட்டலத்தை விதைக்கவில்லை. அதில் இருந்த விதையின் தரமும் பல நேரம் சரியில்லை என்பது உண்மை. ஆனால் பயிரை ஐந்தில் ஒரு பங்கு புழுவுக்கு விட்டுவிடு என்று ஒருவரிடம் சொன்னால், அது ஏன் என்று அவருக்குப் புரிய வேண்டாமா? 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒற்றை மரபணுப் பி.டி. பருத்திக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டதை விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணு கொண்ட ரகத்துக்கும் பின்னர் அதே கதி. அந்த விதையை விதைக்கும் கை பல நேரம் பத்தாம் வகுப்பைத் தாண்டாத கை. அதற்கு வேண்டியது மெண்டலின் ஒடுங்கு பண்பும் இயற்கைத் தேர்வும் ஒரே பாடத்தில். நீங்கள் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை வெட்டிவிட்டீர்கள். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அடங்காத கிருமி, கொசுமருந்துக்குச் சாகாத கொசு எல்லாவற்றுக்கும் இதே விளக்கம்தான், நீட்டவில்லை.

நீக்கப்பட்டவற்றுள் எங்களுக்கு மிகவும் உறுத்தும் பகுதி 9.6. பரிணாமத்தை ‘முன்னேற்றம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் தலைப்பு. சிம்பன்சியிலிருந்து மனிதன் வரவில்லை, இருவருக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்று அது சொன்னது. அதற்குள் இருந்த மனிதப் பரிணாமப் பகுதி, தோல் நிறத்தை வைத்து மனிதரை இனங்களாகப் பிரிப்பதற்கு உயிரியலில் எந்த ஆதாரமும் இல்லை, மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம், எங்கே வாழ்ந்தாலும் நம் எல்லோருடைய வேரும் ஆப்பிரிக்காவில் என்று வெளிப்படையாக எழுதியிருந்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் ஒரு நாட்டில், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறிவியல் நேராகச் சொல்லக்கூடிய சொற்கள் அவை. அவற்றால் யாருக்குச் சுமை?

நீக்கப்பட்ட பகுதிகளோடு, பூமியில் உயிர் தோன்றியது குறித்த பத்தியும் போனது. எளிய சேர்மங்களிலிருந்து உயிர் தோன்றியிருக்கலாம் என்று 1929இல் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் முன்வைத்த கருத்தும், அதைச் சோதித்துப் பார்க்க 1953இல் மில்லரும் யூரேயும் செய்த சோதனையும் அதில் இருந்தன. ஹால்டேன் பிரிட்டனை விட்டு 1957இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தவர். இந்தியரின் அறிவியல் பங்களிப்பைப் பாடநூலில் கூட்ட வேண்டும் என்று சொல்பவர்கள், இருந்ததையே அழித்திருக்கிறார்கள்.

வேதியியலும் இயற்பியலும் தப்பவில்லை. உலோகங்கள், கார்பன் சேர்மங்கள் என்ற பாடங்கள் இருக்க, அவற்றுக்கு அடித்தளமான தனிம வரிசை அட்டவணை இல்லை. சோடியம் ஏன் தண்ணீரில் துள்ளுகிறது, தங்கம் ஏன் சும்மா கிடக்கிறது என்பதை வினைத்திறன் வரிசையாக மனப்பாடம் செய்வதுதான் இனி வழி. மனப்பாடத்தைக் குறைப்பதற்காக என்று சொல்லப்பட்ட மாற்றத்தின் பலன் இது. மெண்டலீவ் 1869இல், அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை அடுக்கி, காலி இடங்களை விட்டு, அலுமினியத்துக்குக் கீழே வரப்போகும் தனிமத்தின் அணுநிறை 68 என்றார். 1875இல் அந்த இடத்துக்குரிய காலியம் என்ற தனிமம் கிடைத்தது. அதன் அணுநிறை 69.7. ஒரு கருத்து தன்னைத் தானே சோதனைக்கு ஒப்புக்கொடுப்பது எப்படி என்று காட்ட இதைவிடச் சிறு எடுத்துக்காட்டு கிடைக்காது. மின்சாரத்தில், மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்லும் பிளெமிங்கின் இடக்கை விதியை வைத்துக்கொண்டு, அந்த விதியால் சுழலும் மோட்டாரை எடுத்துவிட்டீர்கள். வீட்டு மின்சுற்று இருக்கிறது. காந்தத்தால் மின்சாரம் உண்டாகும் மின்காந்தத் தூண்டலும், அதனால் இயங்கும் மின்னியற்றியும் (ஜெனரேட்டர்) இல்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் எங்கே, எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள இயற்பியல் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

இனி அரசியல். 2018 ஜனவரியில் அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் எவரும் சொல்லவில்லை, பள்ளிப் பாடத்தில் இது மாற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. பரிணாமத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவது பின்னோக்கிய செயல் என்றன. ஐந்தே ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு நூலில் அது இல்லை. அந்தப் பேச்சுக்கும் இந்த நீக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு எங்களுடையது அல்ல. தொடர்பு இல்லை என்று காட்டும் காகிதம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். யார் பரிந்துரைத்தார்கள், எந்த உயிரியலாளர் ஒப்பினார், யார் மறுத்தார் என்ற பதிவு அது. அது வெளியே வராதவரை, சுமைக் குறைப்பு என்ற விளக்கத்தை ஏற்க எங்களால் இயலாது.

சேர்த்தவற்றைப் பார்த்தால் ஐயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. பரிணாமத்துக்கு இடமில்லாத அதே 2023இல், அக்டோபர் மாதம், சந்திரயான் குறித்து மாணவர்களுக்கென்று நீங்கள் வெளியிட்ட தொகுப்பில் பறக்கும் தேர்களும் புஷ்பக விமானமும் இடம்பெற்றன. ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூல் பண்டைய வானூர்தி அறிவுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பொறியியலாளர் ஐவர் அந்த நூலை 1974லேயே ஆராய்ந்துவிட்டார்கள். மொழிநடையையும் வரலாற்றையும் பார்த்து அது 1904க்கு முந்தியதல்ல என்றார்கள். அதில் சொல்லப்பட்ட விமானங்களின் வடிவையும் எடையையும் கணக்கிட்டு, எதுவும் பறக்கும் தன்மை கொண்டதல்ல என்று முடிவு சொன்னார்கள். இந்த ஆய்வு உள்நாட்டு ஆய்வு, எளிதில் கிடைப்பது, பத்தாம் வகுப்பு மாணவருக்கும் விளங்குவது. அதைப் பாடமாக வைத்திருந்தால் கைதட்டியிருப்போம். புராணத்தை இலக்கியமாகப் படிப்பதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதை விண்வெளித் தொழில்நுட்பத்தின் வரலாறு என்று எழுதுவதைத்தான் எதிர்க்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ(எச்) பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக வைத்திருக்கிறது. மக்கள் பணத்தில் நூல் அச்சிடும் நிறுவனத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நாங்கள் கேட்பவை இவை.

பழைய நூலின் 9.3 முதல் 9.6 வரையிலான பகுதிகளை, ஒரு வரியும் குறையாமல், தனி இணைப்பாக அச்சிட்டு நடப்புக் கல்வியாண்டிலேயே பள்ளிகளுக்கு அனுப்புங்கள். பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. புதிதாக எழுத வேண்டியதும் இல்லை, ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. தேர்வில் அதிலிருந்து கேள்வி வரும் என்பதையும் சேர்த்து அறிவிக்கச் செய்யுங்கள். தேர்வில் வராத இணைப்பை எந்தப் பள்ளியும் பிரிக்காது. தனிம வரிசை அட்டவணையும், மின்காந்தத் தூண்டலும், ஒன்பதாம் வகுப்பின் நோய்கள் பற்றிய பாடமும் அடுத்த பதிப்பில் திரும்ப வேண்டும். சுமை கூடும் என்றால், தேர்வுக்கான விவரக் குவியலைக் குறையுங்கள். எதைக் குறைக்கலாம் என்று பாடவாரியாக எழுதித் தர ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள்.

2023 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின்படி நூல்கள் வகுப்பு வகுப்பாக மாறி வருகின்றன. பத்தாம் வகுப்பு நூலில் இயற்கைத் தேர்வும், பொது மூதாதையும், மனிதப் பரிணாமமும் பெயர் சொல்லி இடம்பெறும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். ‘தகவமைப்பு’ என்று மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவதைப் பரிணாமப் பாடம் என்று நாங்கள் ஏற்க மாட்டோம்.

2022, 2023 நீக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தையும், பரிந்துரைத்த குழுவினரின் பெயர்களையும், கூட்டக் குறிப்புகளையும், எதிர்ப்புக் குறிப்பு இருந்தால் அதையும் உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத் துண்டு துண்டாகப் பெற வேண்டிய செய்தி அல்ல இது.

இனி எந்த அறிவியல் பகுதியையும் நீக்குவதற்கு முன், வரைவை 60 நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேளுங்கள். மூன்று அகாதமிகளும் பெயர் குறிப்பிட்டு அனுப்பும் துறை அறிஞர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அதே விதி சேர்க்கைக்கும் பொருந்தட்டும். சந்திரயான் தொகுப்பிலிருந்து புராண விமானப் பகுதிகளை நீக்கி, நீக்கியதற்கான காரணத்தையும் அதிலேயே அச்சிடுங்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். எது முடியும், எது முடியாது என்று கோரிக்கைவாரியாக எழுதுங்கள்.

இங்ஙனம்,
அறிவியல் கற்பிப்போரும் ஆய்வு செய்வோரும்